பத்தமடை மருத்துவரும் பத்து நொடி மூச்சும்

மார்ச் மாதக் காலையில் பாளையங்கோட்டையில் ஏதாவதொரு பிளஸ் டூ தேர்வு மையத்தின் வாசலில் நின்று பாருங்கள். யாராவது ஓர் அப்பா பிள்ளையிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார்: "ஏலே, பதறாத. மூச்ச நல்லா இழுத்து இழுத்து விடுல. எல்லாம் சரியாப் போவும்."

பையனும் கேட்பான். நெஞ்சு புடைக்க இழுப்பான், உடனே விடுவான், மறுபடி இழுப்பான். ஒன்றிரண்டு நிமிடத்தில் தலை லேசாகக் கிறுகிறுக்கும். விரல் நுனி விறுவிறுக்கும். உதட்டைச் சுற்றி மரத்துப் போகும். "எப்பா, கை மரத்துப் போவுது, என்னமோ செய்யிது" என்பான். அதுவரை பையனிடம் மட்டும் இருந்த படபடப்பு இப்போது அப்பாவையும் பிடித்துக்கொள்ளும். அவர் சோடா வாங்க ஓடுவார்.

அப்பாவின் அக்கறையில் குறையில்லை. அறிவுரையில் பாதிதான் சரி. பதற்றத்தை மூச்சின் வழியாகத் தணிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் இழுத்து இழுத்து விடுவது அதற்கான வழியல்ல, பெரும்பாலும் அதற்கு எதிரான வழி.

உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் தமனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டியது இந்த எண்ணைத்தான். அதற்கு மேல் ஏற்ற அங்கே பெரிதாக இடமில்லை. ஆகவே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கும்போது உள்ளே ஆக்சிஜன் கூடுவதில்லை. உடலிலிருந்து கார்பன் டை ஆக்சைடுதான் அளவுக்கு மீறி வெளியேறுகிறது.

கார்பன் டை ஆக்சைடு ஒரு கழிவு வாயு என்று பள்ளியில் படித்ததோடு அதை நாம் கைகழுவிவிட்டோம். உண்மையில் இரத்தத்தின் அமிலத்தன்மையை நிலைநிறுத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் பாதரசம் இருக்க வேண்டும். அது குறையக் குறைய மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் மூளையின் இரத்த ஓட்டம் 2 முதல் 4 விழுக்காடு வரை குறையும். கிறுகிறுப்புக்குக் காரணம் இதுதான். இரத்தம் காரத்தன்மை அடையும்போது அதில் தனித்து உலவும் கால்சியம் அயனிகளின் அளவும் குறைகிறது. நரம்புகள் தொட்டதற்கெல்லாம் துடிக்கத் தொடங்குகின்றன. விரல் விறுவிறுப்பு அங்கிருந்து வருகிறது. போதாக்குறைக்கு, இந்த நிலையில் ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், திசுக்களுக்கு எளிதில் விடாது. மூச்சு அதிகமாக வாங்குகிறோம், மூளைக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜனோ குறைகிறது. "மூச்சு முட்டுது" என்று தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுக்கிறோம். பதற்றம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் வழிகளில் இதைவிடக் கச்சிதமானதை நான் அறியேன்.

சரி, மூச்சைக் குறைத்தால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் காற்று மூக்கிலும் தொண்டையிலும் குழாய்களிலும் நின்றுவிடும்; நுரையீரலின் காற்றறைகளை எட்டாது. பதறும் ஒருவர் நெஞ்சின் மேற்பகுதியால் நிமிடத்துக்கு 24 தடவை, தடவைக்கு 250 மில்லி வீதம் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6 லிட்டர் காற்று போய்வந்தாலும் பயன்படுவது 2.4 லிட்டர். இன்னொருவர் வயிறு எழும்ப நிமிடத்துக்கு 6 தடவை, தடவைக்கு ஒரு லிட்டர் விடுகிறார். அவருக்கும் மொத்தம் அதே 6 லிட்டர்தான், பயன்படுவது மட்டும் 5.1 லிட்டர். மெதுவான மூச்சு சிக்கனமானது. இந்தக் கணக்கிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மெதுவாக விடுகிறேன் என்று ஒவ்வொரு மூச்சையும் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் என்று பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு மறுபடியும் போய்விடும். யோகா வகுப்பில் முதல் நாளே தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறவர்களில் பலருக்கு நேர்வது இதுதான். மெதுவாக விடுவது வேறு, நெஞ்சு நிறைய விடுவது வேறு.

இந்த எச்சரிக்கையை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தன் போக்கில் எழுதி வைத்த ஒருவர் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகும் சாலையில் இருக்கும் பத்தமடையை வெளியூர்க்காரர்கள் கோரைப் பாயால் அறிவார்கள். அங்கே 1887 செப்டம்பர் 8ஆம் தேதி பிறந்த குப்புசாமி, பிற்காலத்தில் சுவாமி சிவானந்தர். எட்டயபுரத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு திருச்சி, தஞ்சாவூரில் மருத்துவக் கல்வி. 1909இல் 'அம்ப்ரோசியா' என்ற மருத்துவ இதழைத் தொடங்கினார். 1913இல் மலேயாவுக்குக் கப்பலேறி, சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூரிலும் பத்து ஆண்டுகள் கூலித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவியானார். பிராணாயாமம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1935இல் வெளிவந்தது.

சாமியார் எழுதிய நூல்தானே என்று அதை ஒதுக்கிவிட முடியாது. பிராணன், நாடி, குண்டலினி என்று மரபின் சொற்கள் அதில் நிறைந்திருப்பது உண்மை. அவற்றில் பலவற்றுக்கு உடற்கூறியலில் சான்று இல்லை என்பதும் உண்மை. ஆனால் நடைமுறைக் குறிப்புகளில் பழைய டாக்டர் எட்டிப் பார்க்கிறார். திணறல் தோன்றும் அளவுக்கு மூச்சை அடக்காதே, படிப்படியாகக் கூட்டு, வெளியே விடும்போது அவசரப்படாதே என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். அவருடைய சீடர்கள் அதை உலகமெங்கும் கொண்டுபோனார்கள். விஷ்ணுதேவானந்தர் கனடாவின் மான்ட்ரியலில் மையம் தொடங்கினார். கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த சச்சிதானந்தர் 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசினார். அவரிடம் யோகம் கற்ற டீன் ஆர்னிஷ் என்ற மருத்துவர், உணவு, நடை, புகை நிறுத்தம், மூச்சுப் பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து இதய நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் முடிவுகளை 1990இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதில் மூச்சின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

மூச்சுக்கும் மனத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற பாலம் இதயத் துடிப்பு. உங்கள் மணிக்கட்டிலேயே பார்க்கலாம். நாடியில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்றே வேகம் எடுக்கும். விடுங்கள்; தளரும். இளவயதினரிடம் இது தெளிவாகத் தெரியும், வயதாக ஆக மங்கும். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரைகளின் தமனியில் குழாயைச் செருகி இரத்த அழுத்தம் மூச்சோடு ஏறி இறங்குவதைக் கண்டார். 1847இல் ஜெர்மனியின் கார்ல் லுட்விக் தான் உருவாக்கிய பதிவுக் கருவியால் ஒரு நாயின் துடிப்பு மூச்சோடு மாறுவதைக் காகிதத்தில் வரைந்து காட்டினார்.

காரணம் வேகஸ் நரம்பு. மூளைத் தண்டிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று அலைகிற நரம்பு அது. இதயத்தைத் தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். நமக்கு 70 என்று இருப்பது வேகஸ் ஓயாமல் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அதை நிதானப்படுத்துவதால். மூச்சை இழுக்கும்போது இந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்கிறது. விடும்போது மீண்டும் இறுகுகிறது. வெளிமூச்சு நீண்டால் வேகஸின் ஆட்சிக் காலமும் நீளும் என்பது இதன் எளிய பொருள்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. இரத்த அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் செய்தி அனுப்பும், மூளை துடிப்பைக் குறைக்கும், அழுத்தம் இறங்கும். செய்தி போய், வேலை நடந்து, பலன் தெரிய ஏறத்தாழ 5 நொடி ஆகும். இறங்கியது மறுபடி ஏற இன்னொரு 5 நொடி. ஆக, உடலுக்குள் 10 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை ஒன்று எப்போதும் இருக்கிறது. நம் மூச்சும் 10 நொடிக்கு ஒன்றாக, அதாவது நிமிடத்துக்கு 6 ஆக அமைந்தால், ஊஞ்சல் திரும்பி வரும் சரியான கணத்தில் தள்ளிவிடுவதைப் போல, இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. துடிப்பின் ஏற்ற இறக்கம் அகலமாகிறது, அழுத்த உணரிகளின் பதில் கூர்மையாகிறது. ஆளுக்கு ஆள் இந்த எண் நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் மாறும். உயரமானவர்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வை 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்டது. ஒரு தடவை இலத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள், இன்னொரு தடவை ஒரு பௌத்த மந்திரம். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கியது. மத குருமார் யாரும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஜெபம் எழுதவில்லை. ஆனாலும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க வசதியான நீளம் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தேறியிருக்க வேண்டும். நெல்லையப்பர் கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரத்தையோ பாளையங்கோட்டைத் தேவாலயத்தில் மாலை வேளையில் சொல்லும் ஜெபமாலையையோ கடிகாரத்தோடு யாராவது ஒரு கல்லூரி மாணவர் அளந்து பார்க்கலாம். செலவில்லாத ஆய்வு.

திருமூலரின் திருமந்திரம் உள்ளே இழுக்க 16 மாத்திரை, அடக்க 64, வெளியே விட 32 என்று கணக்கு வைக்கிறது. சிவானந்தரும் அதே ஒன்றுக்கு நான்கு, இரண்டு என்ற விகிதத்தைத்தான் தருகிறார். வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். நடுவில் வரும் 64 யோகிகளுக்கானது. படபடப்போடு வருகிறவரை மூச்சை அடக்கச் சொல்வது, நீச்சல் தெரியாதவரை ஆழத்தில் இறக்கும் வேலை. பொதிகையில் அகத்தியர் இருந்தார் என்று நம்புகிற, 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிற மண்ணில் சித்தர்களின் மூச்சுப் பயிற்சியான வாசி யோகத்துக்கு மதிப்பு இருப்பது இயல்பு. அந்த மதிப்போடு வருகிற ஆர்வக்கோளாறுதான் கவலை. வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாகத்தான் இருக்க வேண்டுமா, நிமிடத்துக்கு 6 என்றானபின் இரண்டும் சமமாக இருந்தாலே போதுமா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

வெளிமூச்சைத் தொழிலாகவே கொண்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். திருநெல்வேலி–தென்காசி ரயிலில் சேரன்மகாதேவியை அடுத்து வருவது காருகுறிச்சி. நாதஸ்வர மேதை அருணாசலம் 1921இல் பிறந்த ஊர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போட்டி போட்டதை இன்றும் ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீரவில்லை. நாதஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளியின் குறுகிய வாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்ப வேண்டும். இழுப்பது கண நேரம், விடுவது நீள நெடுக. உதரவிதானமும் வயிற்றுத் தசையும் காற்றைச் சிந்தாமல் பகிர்ந்து கொடுக்க வேண்டும். பக்கத்தில் ஒத்து ஊதுபவர் இன்னும் ஒரு படி மேல்: கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுத்து, சுருதி அறாமல் பார்த்துக்கொள்கிறார். குவித்த உதட்டு வழியாகவோ முனகலோடோ மூச்சை விடச் சொல்வதன் பின்னால் இருக்கும் இயற்பியலும் இதுதான். வெளியே போகும் வழியைக் குறுக்கினால் மூச்சு தானாக நீளும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அருணாசலம் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, 1964இல் மறைந்தார். மூச்சு நீண்டால் ஆயுள் நீளும் என்ற நம்பிக்கைக்கு நான் இங்கே ஆள் சேர்க்கவில்லை.

மூளையின் பக்கமிருந்தும் செய்திகள் வந்திருக்கின்றன. மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் சின்னஞ்சிறு நரம்புக் கொத்து ஒன்றை 1991இல் ஜாக் ஃபெல்ட்மேன், ஜெஃப்ரி ஸ்மித் குழுவினர் மூளைத் தண்டில் அடையாளம் கண்டார்கள். பிரீபாட்சிங்கர் என்று அதற்குப் பெயர். பக்கத்துக் கொத்துக்கு ஃபெல்ட்மேன் ஒரு மாநாட்டு விருந்தில் மேசைமேல் இருந்த வைன் புட்டியைப் பார்த்து வைத்த 'பாட்சிங்கர்' என்ற பெயரோடு 'பிரீ' சேர்ந்து வந்தது இது. 2017இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் கிராஸ்னோவும் ஃபெல்ட்மேனும் இருந்த குழு, எலிகளில் அந்தக் கொத்துக்குள் சுமார் 175 நரம்பணுக்கள் மூளையின் விழிப்பு மையம் ஒன்றுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவதைக் கண்டது. அந்த அணுக்களை மட்டும் நீக்கியபோது எலிகள் மூச்சு விடுவதில் குறையில்லை. ஆனால் புதிய கூண்டில் விட்டால் மூலை முடுக்கெல்லாம் மோப்பம் பிடித்து ஓடும் வழக்கத்தை விட்டு, அமைதியாக உட்கார்ந்து மேனியை நக்கிக்கொண்டிருந்தன. வேகமான மூச்சு மூளையை உசுப்புகிறது என்பதற்கு இது நல்ல தடயம். எலியில் கண்டது மனிதனிலும் அப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல இன்னும் வேலை இருக்கிறது.

அப்படியானால் மனிதர்களிடம் எவ்வளவு பலன்? நம் பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் நெடுங்காலமாக இதை அளந்து வருகிறது. மருத்துவத் துறை மாணவர்கள் 90 பேரைப் பிரித்து, வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், 12 வாரம் பயிற்சி கொடுத்து 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு சுவையானது. வேகப் பிராணாயாமம் செய்தவர்கள், மெதுவான பிராணாயாமம் செய்தவர்கள் இரு சாராரும் மன அழுத்தம் குறைந்ததாகச் சொன்னார்கள். இதயத் துடிப்பு, இரத்த அழுத்த அளவுகளில் மாற்றம் தெரிந்தது மெதுவாகச் செய்தவர்களிடம் மட்டும்தான்.

2023இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தினம் 5 நிமிடம் பயிற்சி செய்தார்கள். சிலருக்குப் பெருமூச்சுப் பயிற்சி: மூக்கால் இழுத்து, அதன்மேல் இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீண்ட வெளிமூச்சு. சிலருக்கு வேறு மூச்சு முறைகள், சிலருக்கு வெறும் தியானம். மனநிலை மேம்பட்டதில் பெருமூச்சுக் குழு முன்னால் நின்றது. பதற்றம் குறைந்ததிலோ எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய சமம். சமூக ஊடகங்களில் இந்த ஆய்வின் முதல் பாதி மட்டும்தான் சுற்றுகிறது. பெருமூச்சு விட்டால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று அதட்டுகிற பாட்டிகளுக்கு ஒரு தகவல்: நாம் எல்லோரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நம்மை அறியாமலே பெருமூச்சு விடுகிறோம். சுருங்கிப்போன காற்றறைகளை மறுபடி விரிக்க உடல் கண்ட வழி அது.

அதே 2023இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு இரண்டு கட்டுரைகள் வெளியிட்டது. ஒன்று, அதுவரை வந்த சோதனைகளின் தொகுப்பு. 785 பேர் பங்கேற்ற 12 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மூச்சுப் பயிற்சி மன அழுத்தத்தைக் குறைப்பது உண்மை, ஆனால் சிறிதிலிருந்து நடுத்தரம் வரையிலான அளவில்தான் என்று தெரிந்தது. இரண்டாவது கட்டுரை இன்னும் நேர்மையானது. 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை நிமிடத்துக்கு 5.5 மூச்சும் இன்னொரு சாராரைச் சாதாரணமான 12 மூச்சும் விடச் சொன்னார்கள். நான்கு வாரம், தினம் 10 நிமிடம் போல. இரு சாராரும் தேறினார்கள், இருவருக்கும் இடையே வித்தியாசம் இல்லை! தினம் கொஞ்ச நேரம் அலைபேசியை வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்து மூச்சைக் கவனித்ததே பாதி வேலையைச் செய்துவிட்டதோ என்ற கேள்வியை இது எழுப்புகிறது. நிமிடத்துக்கு 6 என்ற எண்ணின் உடலியல் அழகை மேலே அவ்வளவு நேரம் வியந்தேன். அந்த வியப்பை நான் திரும்பப் பெறவில்லை, இதயத்தில் நடப்பது நிஜம். ஆனால் இதயத்தில் நடப்பது மனத்தில் அதே அளவில் எதிரொலிக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

எந்தப் படபடப்புக்கு மூச்சு உதவும், எதற்கு உதவாது என்பதை நம் பக்கத்து நிகழ்வு ஒன்றை வைத்து யோசிக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயிலோடு ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த இரவில் நெஞ்சு படபடத்தது சரியான படபடப்பு. மாடிக்கு ஏறு, பிள்ளையைத் தூக்கு என்று உடலைத் துரத்துவதற்காகவே அது இருக்கிறது. அப்போது யாரையும் உட்கார்ந்து மூச்சு எண்ணச் சொல்லக்கூடாது. ஆனால் அடுத்த ஐப்பசியில் ஓட்டின் மேல் மழைச் சத்தம் கேட்டதுமே, ஆறு இன்னும் படித்துறைக்குக் கீழே கிடக்கும்போதே, "நெஞ்சு படக்கு படக்குன்னு அடிக்கு" என்று ஒருவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தால், அங்கே மூச்சுக்கு வேலை உண்டு. அச்சத்தோடு ஒலியைக் கோத்து வைத்திருக்கும் மூளையின் அமிக்டாலாவிடம் வாதம் பேசிப் பயனில்லை, அது வார்த்தைகளுக்குக் கட்டுப்படாது. துடிப்பையும் மூச்சையும் நிதானத்துக்குக் கொண்டுவந்தால், ஆபத்து இப்போது இல்லை என்ற செய்தி உடலின் வழியாக மேலே போகும். அதன் பிறகுதான் அணையின் நீர்மட்டம் என்ன என்று விசாரிக்கும் புத்தி திரும்பும். வெள்ளத்தில் வீடு போனவருக்கு வீடு வேண்டும், அதற்கு மூச்சுப் பயிற்சி பதிலாகாது. நிவாரண முகாமில் யோகா பாய் விரிப்பதற்கு முன்னால் அதிகாரிகள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

செய்முறை சுலபம், இவ்வளவு எழுதியதற்கு இது சின்னதாகத்தான் இருக்கும். நாற்காலியிலோ சுவரில் சாய்ந்தோ உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள்; நெஞ்சைவிட வயிறு அசைய வேண்டும். மூக்கால் சத்தமில்லாமல், நிரப்பாமல், நான்கு எண்ணும் வரை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். நான்கும் ஆறும் திணறினால் மூன்றும் நான்குமாகத் தொடங்கினால் போதும். ஐந்து நிமிடம். கிறுகிறுத்தால் மூச்சின் அளவைக் குறையுங்கள், வேகத்தை அல்ல. முக்கியமாக, படபடப்பு வராத நாட்களில் செய்து பழகுங்கள். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் படிக்க முடியாது என்று ஆற்றங்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு வாசலிலோ மணமேடையிலோ திடீரென்று பதற்றம் தாக்கினால் எண்ணிக்கையை மறந்துவிடலாம். உதட்டைக் குவித்தோ 'ம்ம்ம்' என்று முனகியோ வெளிமூச்சை மட்டும் நீட்டினால் போதும். இழுப்பது தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வது பழைய திரைப்படங்களில் வரும் வைத்தியம், அதை விட்டுவிடுங்கள். பதற்றம் என்று நினைத்தது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் பையால் ஆக்சிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். முதல்முறையாக நெஞ்சு வலியோடு வியர்த்துக்கொட்டினால், அதுவும் நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளியாக இருந்தால், மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்காராமல் 108ஐ அழையுங்கள்.

சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அடுத்த மூச்சு வருமா என்ற பயம் பிடித்துக்கொள்ளும். அவர்கள் இதில் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம். உரக்கப் பாடுவதும், ஆற்றங்கரையில் நடப்பதும், சத்தமாகப் படிப்பதும் மூச்சைப் பின்வாசல் வழியாக நீட்டும். அடிக்கடி பீதித் தாக்குதலுக்கு ஆளாகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 'மூச்சுப் பயிற்சி செய்ததால்தான் தப்பித்தேன், இல்லாவிட்டால் செத்திருப்பேன்' என்ற எண்ணம் வேரூன்றினால், பயிற்சியே ஒரு தாயத்தாகிவிடும். அது இல்லாமல் பேருந்தில்கூட ஏற முடியாமல் போகும். படபடப்பு தானாகவே ஏறித் தானாகவே இறங்கும், அது கொல்லாது என்பதை நேரில் பட்டறிவதுதான் பீதி நோய்க்கான உளவியல் சிகிச்சையின் மையம். அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணை வேண்டும். மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மூச்சுப் பயிற்சியை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.